சோம்பேறித்தனம் இல்லை, நோயின் மிச்சம்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் மனநலப் பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் கடைசியில் தரப்பட்டுள்ளன.)

 

இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் மனநோய். பேரைச் சொன்னதுமே சில பேர் முகம் மாறுவது தெரிகிறது. நம்ம சென்னையில் யாரையாவது கேலி பண்ணணும்னா "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு சொல்றது பழக்கமாப் போச்சு. அந்தக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1794-ல் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021-ல் 98 வயதில் காலமானார். ஒரு பெண் பொறுப்பேற்று நடத்திய இடத்தின் பேரைத்தான் நாம திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம்.

காதில் குரல் கேட்குது, யாரோ பின்னாடி வர்றாங்கன்னு பயப்படுது, ராத்திரி தூக்கமே இல்லை என்றால் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்க என்று பல கூட்டங்களில் சொல்கிறோம். ஆனா குரல் நின்ன பிறகு என்ன நடக்குதுன்னு யாரும் பேசறதில்லை. குடும்பம் தள்ளாடிப் போவது அப்போதுதான். அதனால் அதைப் பேசுகிறேன்.

ஒரு பெண்ணை நினைத்துக் கொள்ளுங்கள்

பேர் வேண்டாம். நம்ம தெருவில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வயசு 24. பத்தாவது வரை படிச்சவ. அம்மா கூட ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து வியாபாரம் பண்றவ. குழுவில் உறுப்பினர். சந்தா தவறாமல் கட்டுவாள்.

ஒரு வருஷம் திடீர்னு மாறிப் போனாள். தனக்குத்தானே பேசினாள். பக்கத்து வீட்டுக்காரங்க சாப்பாட்டில் ஏதோ கலந்துட்டாங்கன்னு சொன்னாள். காத்து கருப்பு என்று ஆறு மாதம் அலைந்தார்கள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் குரல் நின்றது. பயம் போனது. "பொண்ணு தேறிடுச்சு"ன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க.

அதுக்கப்புறம்தான் பிரச்சினை. ஏலத்துக்குக் கூட்டிப் போனால் மந்திரிச்சு விட்ட கோழி மாதிரி நிற்கிறாள். அடுப்பில் சோறு வைத்தால் பொங்கி வழிகிறது. கடைக்கு மூணு சாமான் சொல்லி அனுப்பினா ஒண்ணு வாங்கி வர்றா. அம்மா சொல்றாங்க: "நல்லாத்தான் பேசறா, திங்கறா, தூங்கறா. வேலைன்னா மட்டும் வரலை. சொகுசு கண்டுட்டா." குழுவில் மூணு கூட்டம் வரலை. உள்கடன் தவணை இரண்டு நிலுவை. "பேரை எடுத்துடலாம்"னு தீர்மான நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்தாச்சு.

அந்தப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையுங்கன்னு கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

ஏலத்தில் நிற்கிறபோது மூளை என்ன செய்கிறது?

நீங்க தினமும் செய்கிற வேலையையே எடுத்துக்குவோம். விடியறதுக்கு முன்னாடி ஏலத்தில் நிக்கறீங்க. சுத்தி ஒரே இரைச்சல். அதில் ஏலம் விடறவர் குரலை மட்டும் தனியாகப் பிடிக்கிறீங்க. அது கவனம்.

நேத்து சங்கரா என்ன விலைக்குப் போச்சு, ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு என்று மனசுக்குள் பிடிச்சு வச்சிருக்கீங்க. பிடிச்சு வச்சபடியே கூட்டிக் கழிக்கறீங்க. இது கைவசம் இருக்கிற நினைவு. அடுப்பில் கை வேலை நடக்கும்போதே பக்கத்தில் தட்டு வச்சிருக்கிற மாதிரி.

அடுத்தவங்க விலை ஏத்தறதுக்குள்ள நீங்க முடிவெடுக்கணும். இது வேகம். எந்தக் கூடையை முதலில் விற்கணும், எதை ஐஸில் போடணும், எதைக் கருவாட்டுக்கு ஒதுக்கணும் என்பது திட்டம். எதிரில் இருக்கிற அக்கா உண்மையாவே கேட்கறாங்களா, விலை ஏத்திவிடக் கேட்கறாங்களா என்று முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கறீங்க. இது பிறர் மனசைப் படிக்கிறது.

ஐந்தும் ஒரே நிமிஷத்தில் நடக்கிறது. நாம அதை வேலைன்னே நினைக்கிறதில்லை. மனச்சிதைவு நோயில் அடிபடுவது இந்த ஐந்தும்தான். எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. சிலருக்கு லேசாக, சிலருக்கு அதிகமாக, ஒரு சிலருக்குத் தெரியாத அளவில்.

முக்கியமான விஷயம் இது: மாத்திரை குரலையும் பயத்தையும் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைக்கிறது. ஆனால் கவனம், நினைவு, வேகம் இவற்றை அதே அளவுக்குத் தூக்கிவிடுவதில்லை. அதனால்தான் "எல்லாம் சரியாயிடுச்சே, அப்புறம் ஏன் வேலை செய்யலை?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. கால் முறிந்து மாவுக்கட்டு போட்டவரை யாரும் ஓடச் சொல்வதில்லை. இங்கே கட்டு கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. இந்தக் குறை பல பேருக்கு குரல் கேட்க ஆரம்பிக்கும் முன்பே மெதுவாகத் தொடங்கியிருக்கும். நல்லாப் படிச்ச பிள்ளை ஒன்பதாவதில் மார்க் குறைஞ்சிருக்கும். "சேர்க்கை சரியில்லை"ன்னு நாம திட்டியிருப்போம்.

மூளை அழுகிப் போகிறதா?

நூறு வருஷத்துக்கு முன்னாடி பெரிய டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஜெர்மனியில் எமில் கிரேப்லின் என்ற மருத்துவர் இந்த நோய்க்கு "இளவயதிலேயே புத்தி மங்கிப் போகும் நோய்" என்ற பொருளில் பேர் வைத்தார். வந்தால் தேய்ந்துகொண்டே போகும் என்றார். தமிழில் "மனச்சிதைவு" என்று சொல்லும்போதும் அந்தப் பயம் நமக்குள் வந்துவிடுகிறது.

பிறகு வந்த ஆராய்ச்சிகள் வேறு விதமாகச் சொல்கின்றன. முதல் தடவை நோய் வந்தபோது இருக்கிற மறதியும் மந்தமும் பெரும்பாலானவர்களுக்கு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போவதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது. சிலருக்குக் கொஞ்சம் தேறுகிறது. நின்ற இடத்திலிருந்து எப்படி வாழ்க்கையைக் கட்டுவது என்பதுதான் நம்ம வேலை.

நம்ம ஊரிலேயே நடந்த ஆராய்ச்சி

இதை வெளிநாட்டுக் கதையாகச் சொல்லவில்லை. நம்ம சென்ட்ரல் எதிரில் இருக்கிற அரசுப் பொது மருத்துவமனைக்கு 1981, 1982-ல் முதல் முறையாக இந்த நோயோடு வந்த 90 பேரை மருத்துவர்கள் விடாமல் கவனித்து வந்தார்கள். டாக்டர் ராஜ்குமார், டாக்டர் தாரா போன்றவர்கள் இதில் முக்கியமானவர்கள். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இதைத் தொடர்ந்தது. பத்து வருஷம் கழித்து 76 பேரைத் தேடிப் பிடித்தார்கள். இருபது வருஷம் கழித்து 61 பேரை. விலாசம் மாறி, வீடு மாறிப் போனவர்களைத் தெருத் தெருவாகத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தவணை வசூலுக்குப் போகிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என்ன தெரிந்தது? ஒரு நாளும் விடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் மிகச் சிலர்தான். பெரும்பாலானவர்களுக்கு நோய் வந்தது, தணிந்தது, சில பேருக்கு மறுபடி வந்தது, மறுபடி தணிந்தது. ஆண்களில் பல பேர் வேலைக்குப் போனார்கள். பெண்கள் வீட்டை நடத்தினார்கள். சிலர் இறந்தும் போனார்கள், தற்கொலையும் அதில் உண்டு. நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது உங்களுக்குச் செய்கிற நன்மை ஆகாது.

பிறகு சென்னையின் ஸ்கார்ஃபும் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மருத்துவர்களும் சேர்ந்து இன்னொரு ஆராய்ச்சி செய்தார்கள். முதல் தடவை நோய் வந்தவர்களுக்கு இரண்டு ஊரிலும் இரண்டு வருஷம் ஒரே முறையில் சிகிச்சை. அதன் முடிவுகள் 2020-ல் வெளிவந்தன. குரல், சந்தேகம் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி குறைந்தது. ஆனால் ஒதுங்கிப் போதல், எதிலும் ஆர்வம் இல்லாமல் இருத்தல் ஆகியவை சென்னையில் அதிகம் குறைந்தன. சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையோடு அதிகம் ஒட்டி இருந்தார்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் அதை முக்கியமாகச் சொல்கிறார்கள்.

கூட வந்து ஓ.பி. வரிசையில் நின்ற அம்மா, அக்கா, அண்ணி இவங்களைத்தான் அந்த ஆராய்ச்சி "குடும்பம்"னு சொல்லுது. அதாவது நீங்கதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். "தண்ணி பிடிச்சு வச்சுட்டு, அரிசி களைஞ்சுட்டு, அப்படியே தம்பியை எழுப்பு" என்றால் நடுவில் நின்று போகும். "தண்ணி பிடி." முடிந்ததும் அடுத்தது.

2. செய்து காட்டுங்கள். "யோசிச்சுப் பாரு, தெரியும்"னு சோதிக்காதீங்க. தப்பாகச் செய்தால் அந்தத் தப்பே மனசில் பதிந்துவிடும். முதலில் நீங்கள் செய்து காட்டி, பிறகு சேர்ந்து செய்து, அப்புறம் தனியாக விடுங்கள்.

3. நேரத்தை மாற்றாதீங்க. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, மாத்திரை போடுவது தினமும் ஒரே நேரத்தில். பழக்கம் ஆகிவிட்டால் நினைவுக்கு வேலை குறைவு.

4. நினைவை வெளியே வையுங்கள். தினசரிக் காலண்டர் தாளில் அன்றைய இரண்டு வேலையை எழுதி ஒட்டுங்க. போனில் மாத்திரை நேரத்துக்கு அலாரம் வையுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மாத்திரையைக் காலைக்கு ஒரு டப்பா, ராத்திரிக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைக்கலாம்.

5. நடக்க வையுங்கள். தினமும் கடற்கரைப் பக்கம் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் நல்லது. உடற்பயிற்சி இந்த நோயில் கவனத்துக்கும் நினைவுக்கும் உதவுகிறது. மாத்திரையால் எடை கூடுகிறவர்களுக்கு அதற்கும் உதவும்.

6. குத்திப் பேசாதீங்க. திட்டும் பழிச்சொல்லும் அதிகம் உள்ள வீட்டில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டனில் முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு சண்டிகரில் பார்த்தபோது, லண்டன் குடும்பங்களைவிட அங்கே குத்தல் பேச்சு குறைவாக இருந்தது. அந்த நல்ல பேரை நாம காப்பாத்திக்கணும்.

7. கஞ்சா, குடி கூடவே கூடாது. பையன்களுக்குத்தான் இது அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கஞ்சா இந்த நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது, தேறியவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம். "எப்படி இருக்கா?" "நல்லா இருக்கா டாக்டர்." மாத்திரை வாங்கிட்டு வந்துடறோம். அடுத்த முறை இந்த மூன்றையும் கேளுங்கள்.

பகலெல்லாம் தூங்கி வழிகிறாளே, மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா?

கை நடுக்கத்துக்கு என்று தனியாக ஒரு மாத்திரை தருகிறார்கள் இல்லையா? அந்த வகை மாத்திரை சிலருக்கு மறதியைக் கூட்டும். அது இன்னும் தேவையா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். கேளுங்கள், போதும்.

நினைவு, கவனம் இவற்றுக்குப் பயிற்சி இங்கே உண்டா? இப்படிப் பயிற்சி கொடுக்கும் முறை இருக்கிறது. தாளிலோ கம்ப்யூட்டரிலோ, விளையாட்டு மாதிரி, வாரத்தில் சில நாள். அது மட்டும் தனியாக இருந்தால் பலன் குறைவு. ஏதாவது ஒரு வேலையோடு சேர்ந்து நடந்தால் பலன் அதிகம். நம்ம பகுதிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கேயோ கீழ்ப்பாக்கத்திலோ விசாரிக்கலாம்.

குழு என்ன செய்யலாம்?

இப்போது தீர்மான நோட்டுக்கு வருகிறேன்.

அந்தப் பொண்ணு மூணு கூட்டத்துக்கு வராதது திமிரால் இல்லை. கூட்டம் என்றைக்கு என்பதே அவள் நினைவில் நிற்கவில்லை. வந்தாலும் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று பிடிக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதனால் அடுத்த முறை வரவில்லை. குழுவை விட்டு எடுத்தால் வீட்டை விட்டு வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே காரணமும் போய்விடும்.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

கூட்டத்தன்று ஒருத்தர் போய்க் கையோடு கூட்டி வாருங்கள். "வா"ன்னு சொல்லி அனுப்பினால் போதாது.

முதலில் சின்ன வேலை கொடுங்கள். பாய் விரிப்பது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது. கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

தொழில் செய்கிற குழுவாக இருந்தால் படிப்படியாக வையுங்கள். முதல் சில மாதம் நெத்திலி ஆய்வது, கருவாடு திருப்பிப் போடுவது மாதிரி ஒரே வேலை. அது கை வந்ததும் எடை போடுவது. அதுக்கப்புறம் காசு வாங்கிச் சில்லறை கொடுப்பது. ஏலம் கடைசி. ஒரு படியில் தடுமாறினால் ஒரு படி கீழே இறங்கி நில்லுங்கள். வேலையை விட்டு அனுப்பாதீர்கள்.

தவணையைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். தள்ளி வையுங்கள். சின்னத் தவணையாக மாற்றிக் கொடுங்கள். கட்டி முடிப்பது அவளுக்கும் ஒரு மரியாதை.

கடனுக்கு அவள் பெயரில் கையெழுத்து வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை. வீட்டுக்காரரோ அண்ணனோ சொல்லி, புரியாமல் போடுகிற கையெழுத்தாக அது இருக்கக் கூடாது. தொகை எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று அவள் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் இப்படி என்று கேட்பீர்கள். மாதக் கணக்கில் பார்க்காதீர்கள், வருஷக் கணக்கில் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கிறது. அதைப் பார்த்து "இது ஓடாத படகு"ன்னு யாராவது சொல்றோமா? வலையைச் சரி பார்க்கிறோம், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். தேறி வருகிற மனுஷிக்குத் தடைக்காலம் கொஞ்சம் நீளம். அந்தக் காலத்தில் அவளை ஊர் மறந்துவிடாமல் இருப்பது முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு ஊனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்றிதழ் தருவார்கள். தன்னைத்தானே கவனித்துக் கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நான்கையும், நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அங்கே போகும்போது அம்மாக்கள் வெட்கப்பட்டு "எல்லாம் நல்லாப் பண்ணுவா"ன்னு சொல்லிடறாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பலன்கள் பெரும்பாலும் 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் கிடைக்கும்.

2017-ம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டப்படி மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது உரிமை.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"நல்லாத்தானே இருக்கா, மாத்திரையை நிறுத்திடலாமா?"

முதல் தடவை வந்த நோய் என்றாலும், குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருஷம் தொடரச் சொல்வார்கள். நியூயார்க்கில் நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு அதிகமாக இருந்தது. ஒவ்வொரு தடவை திரும்ப வரும்போதும் வேலை, படிப்பு, குழு எல்லாம் அறுந்து மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டிய காரியம். தடைக்காலத்தில் கையில் காசு இல்லை என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்.

"ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னு மாமியார் வீட்டுப் பக்கம் சொல்றாங்களே?"

கல்யாணம் மருந்து கிடையாதும்மா. நோயோடு இருந்து கணவரைப் பிரிந்த பெண்களிடம் ஸ்கார்ஃப் 2003-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டது. நோய் இருக்கிறது என்பதைவிட, புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துட்டா என்ற பேச்சுதான் அந்தப் பெண்களையும் குடும்பங்களையும் அதிகம் வேதனைப்படுத்தியது. அவள் தேறி, அவளே விரும்பி, மாப்பிள்ளை வீட்டுக்கு உண்மையைச் சொல்லிச் செய்தால் தடையில்லை. மறைத்துச் செய்தால், முதலில் மறைப்பது மாத்திரையைத்தான். அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

"நாங்க வேண்டுதல் வச்சிருக்கோம். கோவிலுக்கு, தர்காவுக்குப் போகக் கூடாதா?"

தாராளமாகப் போங்கள். மாத்திரையையும் கொண்டு போங்கள். ஆளை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களும் யாரோ ஒரு அம்மா நேர்ந்துகொண்டு விட்டுவிட்டு வந்த பிள்ளைகள்தான். பிறகு ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு அரசு மனநல சிகிச்சையும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். இரண்டும் சேர்ந்து நடக்கலாம்.

"ஞாபக சக்திக்கு வல்லாரை, டானிக் ஏதாவது கொடுக்கலாமா?"

வல்லாரைக் கீரையைத் துவையல் அரைச்சுச் சாப்பிடுங்க, கீரை நல்லதுதான். ஆனால் இந்த மறதியைப் போக்கும் என்று நிரூபித்த டானிக் எதுவும் இல்லை. டிவியில் விளம்பரம் பார்த்து நூற்றுக்கணக்கில் செலவு செய்யாதீர்கள். வேறு மருந்து எது கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

"செத்துப் போயிடலாம் போல இருக்குன்னு சொல்லுது புள்ள. பயமா இருக்கு."

"சும்மா மிரட்டறா"ன்னு விட்டுடாதீங்க. நோய் வந்த முதல் சில வருஷங்களில் இந்த எண்ணம் வருவது அதிகம். குரல் நின்று, அறிவு தெளிந்து, "என் வாழ்க்கை இப்படி ஆயிடுச்சே"ன்னு தோன்றுகிற நேரம் அது. நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் கூடாது. தனியாக விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது. 2022 அக்டோபர் முதல் இருக்கிற அரசு உதவி எண் அது. தமிழில் பேசுவார்கள்.

"எல்லாம் அவளைப் பத்தியே சொல்றீங்க. பாத்துக்கிற எங்களுக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்டதுக்கு நன்றி அக்கா. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, கூடை சுமந்து, வந்து சமைத்து, ராத்திரி மாத்திரை கொடுத்து, நடுவில் அழக்கூட நேரம் இல்லாமல் இருக்கிற அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை வேண்டாம், ஆள் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மதியம் இரண்டு மணி நேரம் குழுவிலிருந்து ஒருத்தர் போய் அந்தப் பொண்ணு கூட உட்காருங்க. அம்மா படுத்துத் தூங்கட்டும். மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு இன்னொருத்தர் துணைக்குப் போங்க. அதுவும் குழுவின் சேமிப்புதான்.

சகோதரிகளே, நோட்டில் என்ன எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் கேட்பது ஒரு வரி: "உடல்நலமோ மனநலமோ சரியில்லாமல் கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினரின் பெயரை, இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பேசாமல் நீக்குவதில்லை." இதை ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். ஏற்றுக்கொண்டால் கையெழுத்துப் போடுங்கள்.